முந்திரித் தோல் புகை: மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
முந்திரி உடைக்கும் பெண்கள், தெருமக்கள்,
பண்ருட்டி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: முந்திரித் தோல் எரிப்பதை நிறுத்தி, அதிலிருந்து எண்ணெய் எடுக்கும் பொது ஆலை அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே இரண்டு மனு கொடுத்தோம். ரசீது இருக்கிறது, பதில்தான் வரவில்லை. முந்திரித் தோலைப் போட்டு எரிக்கும் காளவாய்கள் (சூளைகள்) இருக்கும் ஏரிக்கரை ரோடு தாங்கள் அறிந்ததுதான்.

1. கொட்டையை உடைத்தால் பருப்பு கால் பங்குதான் தேறும். மீதி பெரும்பாலும் தோல். அது மூட்டை மூட்டையாகக் காளவாய்க்குப் போகிறது.

2. அந்தத் தோலில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய். உடைக்கும்போது பட்டால் கை வெந்து உரியும் என்றுதான் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருகிறோம். அதே எண்ணெய் எரிந்து, இரவு எட்டு மணிக்கு மேல் புகையாகத் தெருவுக்குள் இறங்குகிறது. விறகுப் புகை மாதிரி இல்லை ஐயா. கண் எரியும், தொண்டை கமறும். கொடியில் கிடக்கும் பள்ளிக்கூடச் சட்டையில் பிசுபிசுவென்று கரி ஒட்டும், எந்த சோப்புக்கும் போகாது. மூடாத குடத்தில் கறுப்பாக ஏடு மிதக்கும். மே மாத வெக்கையிலும் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி செருகிப் படுக்கிறோம். இதை எழுதுகிற எனக்கு நான்கு வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். இருமி இருமி வாந்தி எடுத்த பிறகுதான் தூங்குகிறாள். தினமும் ஐயா, தினமும்.

3. எரிப்பதை நிறுத்துங்கள்.

4. தோலைக் குப்பையில் கொட்டச் சொல்லவில்லை. எந்திரத்தில் பிழிந்தால் எண்ணெய் வரும். அதிலிருந்து எடுக்கும் கார்டனால் என்ற ரசாயனப் பொருள் பெயின்டுக்கும் வண்டி பிரேக்குக்கும் போகிறது. பிழிந்த சக்கையைக் காற்றுப் புகாத கலனில் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால், வரும் ஆவி குளிர்ந்து உயிரி எண்ணெயாகும், மிச்சம் கரி. குளிராத வாயுவை அந்த அடுப்புக்கே திருப்பலாம். உயிரி எண்ணெய் பாய்லருக்கு ஆகும். பிரித்தெடுத்தால் பிசின் செய்ய ஃபீனால் என்ற ரசாயனச் சரக்கும் கிடைக்கும். சின்ன முதலாளிகளால் தனித்தனியே இது முடியாது, அதனால்தான் பொது ஆலை கேட்கிறோம். அதையும் வீடுகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

5. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது விழுந்த மரத்தை எண்ண ஆள் வந்தது. இப்போது எங்கள் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரும் வரவில்லையே! பகலில் வந்து பார்த்துவிட்டுப் புகையே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வாருங்கள். ஒரு மணி நேரம் நில்லுங்கள், போதும்.

தோல் எரிப்பதை உடனே நிறுத்தி, பொது ஆலைக்கு உத்தரவிடுமாறு மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து இந்த முறையாவது வாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தெருமக்கள்