பள்ளிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

நியூசிலாந்துப் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். குழுவில் சேர்ந்த நம்மவர்கள் பலர் பிள்ளைகளின் படிப்பு பற்றி ஆர்வமாகப் பேசுகிறார்கள். பணம் என்று வந்ததும், "அதெல்லாம் பிரின்சிபால் பார்த்துக்குவார்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி ஒதுங்காதீர்கள்.

1989 சீர்திருத்தத்துக்குப் பிறகு இங்கே அரசுப் பள்ளியை நடத்தும் பொறுப்பு, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் இருக்கிறது. பிரின்சிபாலை நியமிப்பதே குழுதான். கணக்கில் ஓட்டை விழுந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அதுவே. நிலைமை முற்றினால் குழுவைக் கலைத்துவிட்டு ஓர் ஆணையரிடம் பள்ளியை ஒப்படைக்கவும் அரசால் முடியும்.

ஆசிரியர் சம்பளத்தைக் கல்வி அமைச்சகம்தானே தருகிறது, நாம் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பார்க்க வேண்டிய முதல் இடமே அதுதான். மாணவர் எண்ணிக்கையை வைத்து உங்கள் பள்ளிக்கு இத்தனை ஆசிரியர் என்று ஓர் அளவு உண்டு. வருடத்தின் முற்பகுதியில் அதைத் தாண்டிவிட்டுப் பிற்பகுதியில் குறைத்து ஈடுகட்டலாம். ஈடுகட்டாமல் போனால் அந்தக் கூடுதல் ஆசிரியர் சம்பளத்தைப் பள்ளி அமைச்சகத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வங்கி இருப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடன் வளர்வது தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த நிலவரத்தைத் தனியாகக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை நம்பிக் கூடுதல் ஆசிரியர்களை வைத்திருந்த பள்ளிகள், 2020 மார்ச்சில் நாட்டின் எல்லை மூடப்பட்டதும் திண்டாடிப் போயின. அடுத்த வருடமும் வரும் என்று உறுதியில்லாத பணத்தை வைத்து யாருக்கும் நிரந்தர வேலை தராதீர்கள்.

அப்புறம், பிரின்சிபாலின் பள்ளிக் கிரெடிட் கார்டு. அந்தச் செலவுக்கு அவருக்குக் கீழே வேலை செய்பவர் ஒப்புதல் தரக் கூடாது. குழுத் தலைவர் ரசீதுகளைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வாத்தியாரிடம் போய்க் கணக்குக் கேட்பதா என்ற கூச்சம் நமக்கு உண்டு, எனக்கும் புரிகிறது. ஆனால் நேர்மையான பிரின்சிபாலுக்கு இந்தக் கேள்விதான் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது அவர்மேல் பழி சொன்னால், குழு பார்த்து ஒப்புக்கொண்ட செலவு என்று அவரால் சொல்ல முடியும்.

வருடக் கணக்கு மார்ச் 31-க்குள் தணிக்கையாளரிடம் போக வேண்டும். தணிக்கை முடிந்து மே 31-க்குள் அமைச்சகத்துக்குப் போக வேண்டும். ஆண்டறிக்கையை இணையத்தில் வெளியிடுவதும் கட்டாயம். அதோடு, கவனித்த குறைகளைச் சொல்லித் தணிக்கையாளர் தனியாக ஒரு கடிதம் எழுதுவதுண்டு. அது குழுவுக்கு வரும் கடிதம், அலுவலகக் கோப்பில் வைத்து மூடுவதற்கு அல்ல. அடுத்த கூட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். சென்ற வருடம் சொன்ன குறையே இந்த வருடமும் அதில் இருந்தால், ஏன் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள்.

அன்புடன்,
ஆக்லாந்திலிருந்து ஒரு தமிழ்ப் பெற்றோர்