லெபர்கேஸ் வேறு, லியோனர் வேறு

மரியே வாழ்க

ரேகன்ஸ்பர்க், ஜெர்மனி,
டிசம்பர் 7, 2025, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆயாவுக்கும்,

அப்பா, உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டுக்கு நாலு மாதமாக ஒரு கடிதம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். நாள் முழுக்க அதுவே மனதில் ஓடியது. ஆகஸ்டில் எழுதியதுதான் கடைசி. போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீங்கள் "நல்லா இரு பாப்பா" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் நீங்கள் பேசுவீர்கள். அது தெரிந்தும் எழுதாமல் இருந்தது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் வந்துவிட்டது. போன வாரம் இரண்டு நாள் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரி. காலை ஏழரைக்கும் இருட்டு, மாலை நாலரைக்கே மறுபடியும் இருட்டு. பஸ் இருக்கிறது, ஆனாலும் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு நடந்தே போகிறேன், நாற்பது நிமிடம்தான். நடந்தால் உடம்புக்கும் நல்லது. வழியில் டான்யூப் ஆற்றுக்கு மேலே கல்பாலம் வரும். 1135இல் கட்டத் தொடங்கிப் பதினோரு வருடத்தில் முடித்த பாலம், இன்றைக்கும் அதன்மேல்தான் நடக்கிறோம். காலையில் ஆற்றிலிருந்து புகை போல எழும்பும். நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் ஷட்டர் திறக்கும்போது சாரல் எழும்புமே, தூரத்திலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும். சத்தம் மட்டும் இருக்காது.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் வீட்டுக்கு வந்திருந்தபோது வீடியோவில் என் தட்டைக் காட்டினேன். அதில் கிடந்த இரண்டு கறித்துண்டுகளை வைத்து இன்னும் சண்டை ஓயவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே சரக்கு, ஒன்றைச் சதுரமாகவும் ஒன்றை வட்டமாகவும் வெட்டி இரண்டு பெயர் வைத்திருக்கிறான் என்று கந்திகுப்பம் மாமா. ஒன்றின் ஓரம் வறுத்த மாதிரி சிவந்திருக்கிறது, இன்னொன்றுக்கு அது இல்லை, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று பர்கூர் அத்தை. தம்பி வேறு போனில் தேடிப் பார்த்து, இரண்டும் ஒரே வகையில்தான் வருகிறது என்று மாமாவுக்கு வக்காலத்து வாங்கிவிட்டான். கடைசியில் தோற்றவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கறிவிருந்து, தீர்ப்பு பாப்பாதான் சொல்ல வேண்டும் என்று முடித்திருக்கிறீர்கள். நீங்கள் யார் பக்கம் என்று எழுதவில்லை. மாமா பக்கம்தான் இருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

சதுரமாக இருந்தது லெபர்கேஸ். வட்டமாக இருந்தது லியோனர். இங்கே கறிக்கடையில் வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டுகளை எல்லாம் கலந்து ஒரு பையில் போட்டு மாலையில் விற்பார்கள். விலை பாதிக்கும் குறைவு. அதனால்தான் இரண்டும் ஒரே தட்டில் இருந்தன. எந்தப் பையில் எது வரும் என்று தெரியாது, பிரித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நானாக எதுவும் சொல்லக்கூடாது என்று கீழ்வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். இவரைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஜன்னல் பாட்டி. எவ்வளவு குளிரானாலும் காலையில் ஜன்னலை அகலத் திறந்து பத்து நிமிடம் காற்று விட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது இந்த ஊர் வழக்கம். நான் திறக்கவில்லை என்றால் ஆறேகாலுக்கு மேலே ஏறி வந்து கதவைத் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் மெஷின் ஓடக்கூடாது. மாடிப்படி பெருக்கும் முறை யாருடையது என்று ஒரு அட்டையைக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். முதல் மூன்று மாதம் அவரைப் பார்த்தாலே பயந்தேன். அக்டோபரில் என் செருப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ரோமம் வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அவர் மகளுடையதாம். எனக்கு அளவாக இருக்கிறது. நேற்று புனித நிக்கோலாஸ் திருநாள். இங்கே பிள்ளைகள் வாசலில் காலணியை வைத்துவிட்டுத் தூங்குவார்கள், காலையில் அதில் மிட்டாய் இருக்கும். நான் கதவைத் திறந்தால் அந்தப் பூட்ஸுக்குள் ஒரு ஆரஞ்சும் சாக்லேட்டும் இருந்தன. இருபத்தேழு வயதில்.

பாட்டியின் கணவர் கறிக்கடை வைத்திருந்தவர். பாட்டியும் முப்பது வருடம் அதே கடையில் நின்றவர். நான் கேள்வியைக் கேட்டதும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அப்புறம் ஒரு மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை.

மாமா பாதி சரி. இரண்டுக்கும் மூலக்கறி ஒன்றுதான். பன்றிக்கறி, மாட்டுக்கறி, கொழுப்பு, உப்பு, மிளகு, ஜாதிபத்திரி. பெரிய வட்டச் சட்டியில் போட்டால் கத்திகள் சுழன்று பசை மாதிரி அரைத்துவிடும். அரைக்கும்போது ஐஸைக் கொட்டுவார்கள். இல்லாவிட்டால் கத்தி ஓடுகிற சூட்டில் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும், கறி சேராது. அம்மா, மிக்ஸியில் உளுந்து அரைக்கும்போது நீ ஐஸ் தண்ணீர் ஊற்றுவாயே, அதேதான். இளஞ்சிவப்பு நிறம் சாயமா என்று அத்தை கேட்டிருந்தார்கள். சாயம் இல்லை. நைட்ரைட் கலந்த உப்புப் போடுகிறார்கள், அந்த உப்புதான் கறியின் சிவப்பை வெந்த பிறகும் பிடித்து வைக்கிறது. அது போடாமல் செய்யும் வெள்ளைத் தொத்திறைச்சியும் இங்கே உண்டு, அது வெளுத்துத்தான் இருக்கும்.

அதுவரை இரண்டுக்கும் ஒரே வழி. பிறகுதான் பிரிகிறது. அந்தப் பசையைத் தகர டப்பாவில் நிரப்பி, மேலே கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, சூட்டு அடுப்புக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவிட்டால் லெபர்கேஸ். மேலே பழுப்பாக ஓடு கட்டும். சூடாக, விரல் கனத்துக்கு வெட்டி, பன்னுக்குள் வைத்து, இனிப்புக் கடுகு தடவித் தின்பார்கள். அதே பசையைக் குழல் மாதிரி உறையில் அடைத்து, கொதிக்காத வெந்நீரில், எழுபத்தைந்து டிகிரி அளவில் வேகவைத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் லியோனர். தண்ணீர் கொதித்தால் உறை வெடித்துவிடும். இதைச் சூடாகத் தின்பதில்லை, ஆறவைத்துத் தாள் மாதிரி மெல்லியதாகச் சீவி ரொட்டியின்மேல் வைப்பார்கள். பிரான்சில் இருக்கிற லியோன் நகரத்தின் பெயர் அது.

லெபர்கேஸ் என்ற பெயருக்கு ஈரல்பாலாடைக்கட்டி என்று அர்த்தம். ஆனால் இந்தப் பவேரியா மாநிலத்து லெபர்கேஸில் ஈரலும் கிடையாது, பாலாடைக்கட்டியும் கிடையாது. பவேரியாவைத் தாண்டி வேறு மாநிலத்தில் இதே பெயரில் விற்றால் அதில் ஈரல் இருந்தே ஆக வேண்டும் என்று விதி. ஈரல் போடாதவர்கள் அங்கே வேறு பெயர் வைக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பாட்டிக்கு முகத்தில் அவ்வளவு பெருமை.

பேசிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்பங்கரை மூலையில் என் மாவுப் பாத்திரம் இருந்தது. என் அறையில் இட்லி மாவு புளிக்கவில்லை, இரண்டு நாள் வைத்தாலும் அப்படியே கிடந்தது. பாட்டி வீட்டில் குளிர் காயும் ஓடு பதித்த அடுப்பு எப்போதும் எரியும், அதனால் அங்கே வைத்திருந்தேன். ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. ஏதோ கெட்டுவிட்டது என்று பாட்டி பயந்துபோயிருந்தார். அதே மாவில் அங்கேயே நாலு இட்லி வேகவைத்து, இரண்டு தோசையும் ஊற்றிக் காட்டினேன். இட்லியை அழுத்திப் பார்த்தார், தோசையைப் பிய்த்துத் தின்றார். இரண்டும் ஒரே பாத்திரத்து மாவு என்றால் நம்பவில்லை. அப்புறம் தலையை ஆட்டி, "லியோனர்" என்று இட்லியைக் காட்டினார், "லெபர்கேஸ்" என்று தோசையைக் காட்டினார்.

அதனால் என் தீர்ப்பு இது. மாமாவிடம் சொல்லுங்கள், மாவு ஒன்று என்பதால் இட்லியும் தோசையும் ஒன்றாகிவிடாது. தோசை கேட்ட மனிதருக்கு இட்லி வைத்தால் மாமாவே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார், அத்தனை பேரும் பார்த்திருக்கிறோம். பர்கூர் அத்தைதான் ஜெயித்தார்கள். விருந்து கந்திகுப்பத்தில். அத்தை வீடியோவில் பார்த்தே அந்தச் சிவந்த ஓரத்தைக் கவனித்துச் சொன்னார்கள், அதற்கே ஒரு கிலோ கூட வாங்க வேண்டும்.

ஆயா கேட்ட கேள்விக்குத் தனியாகப் பதில். வெயிலில் காயவைக்காத கறி எப்படிக் கெடாமல் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கெடும் ஆயா. வெட்டிய துண்டு பிரிட்ஜில் நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது. நீங்கள் போடும் உப்புக்கண்டம் மாதிரி மாசக் கணக்கில் இருக்காது.

இதை எழுதியபிறகு கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாசி வெயிலில் நீங்கள் கறியைக் கண்டம் போட்டு, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, சணல் கயிற்றில் கோத்துக் கிணற்றடிக் கொடியில் கட்டுவீர்கள். கையில் குச்சியோடு காக்கா விரட்ட என்னைத்தான் உட்கார வைப்பீர்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது, தம்பி விளையாடிக்கொண்டிருப்பான். இப்போது அந்தத் திண்ணை கிடைத்தால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அம்மா அதைத் தட்டி எண்ணெயில் போடும் வாசனை தெருமுனைக்கே வரும். கேழ்வரகுக் களி உருண்டை, கீரைக் கடைசல், ஓரத்தில் இரண்டே துண்டு. இங்கே எவ்வளவு தின்றாலும் அந்த இரண்டு துண்டு தின்ற மாதிரி இல்லை அம்மா. இன்றைக்குக் காலையில் டோம் பேராலயத்தில் பூசைக்குப் போனேன். பையன்கள் பாடினார்கள், கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஆனால் பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் அவரவர் பக்கம் போய்விட்டார்கள். கோயில் வாசலில் நின்று பேச யாரும் இல்லை. பாலத்தில் நடந்து வந்தபோது கொஞ்சம் அழுதேன். இதைப் படித்து நீ அழாதே. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மா, ஜனவரியில் ஓசூர் அக்காவின் தோழி இங்கே வரும்போது உப்புக்கண்டம் கொடுத்தனுப்புகிறேன் என்றாய். வேண்டாம். கறி, பால் சாமான் எதையும் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பாவில் அனுமதி இல்லை. விமான நிலையத்திலேயே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். ஆயா கை பட்ட பண்டம் அங்கே போவதை நினைக்கவே முடியவில்லை. காவேரிப்பட்டணம் நிப்பட்டும், களி மாவும், ஆயா அரைத்த குழம்புத் தூளும் அனுப்பு. போதும்.

ஆயாவின் கண் ஆபரேஷனைக் கிறிஸ்துமஸ் முடிந்து வைத்திருப்பது நல்லது. அதற்கு முந்தைய வாரம் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், கூடுதலாக இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்தபிறகு சொட்டு மருந்தைத் தம்பிதான் போட வேண்டும், ஆயாவே போட்டுக்கொள்ளக்கூடாது. போடுவதற்கு முன் கையைச் சோப்பால் கழுவச் சொல்லுங்கள். அடுப்புப் புகை பக்கம் ஒரு மாதம் போகவே கூடாது. ஆயா கேட்கமாட்டார்கள், அம்மா நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். குளிருக்குச் சில சாமான்கள் வாங்க வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. மார்ச்சில் என் நர்ஸ் படிப்பை இங்கே ஏற்றுக்கொள்வதற்கான அங்கீகாரத் தேர்வு. அது முடிந்தால் உதவியாளர் சம்பளம் போய் நர்ஸ் சம்பளம் வரும். தம்பியின் செமஸ்டர் கட்டணத்தை நான்தான் கட்டுவேன், யாரிடமும் கேட்காதீர்கள்.

அப்பா, மாந்தோப்பு விஷயம். வியாபாரி இரண்டு வருடக் குத்தகைக்கு இப்போதே முன்பணம் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சங்கிலியை மீட்கத்தான் அதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது. வேண்டாம். இன்னும் பூவே எடுக்கவில்லை. ஜனவரியில் பெங்களூரா மரங்களில் பூ எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒரு வருடத்துக்கு மட்டும் பேசுங்கள். போன வருடம் பழம் பாதிக்கு மேல் கூழ் தொழிற்சாலைக்குப் போன கணக்கை அவரிடம் காட்டுங்கள். கிணற்றுப் பக்கத்து நாலு அல்போன்சா மரம் குத்தகையில் சேராது என்று காகிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் தம்பியை அந்தக் காகிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் ஒரு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் எனக்குக் காலை எட்டரை. இரவு டியூட்டி முடிந்து வந்திருப்பேன். போனை எதிலாவது சாய்த்து வையுங்கள். யாரும் பேச வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நகைக்கடனுக்கு ஜனவரி 20க்குள் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள். ரசீது மர அலமாரியில், ஆயாவின் பழைய ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்,
பாப்பா