படம் வந்தால் போதுமா? டிஷ் பூட்டியபின் செய்ய வேண்டிய சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வானம் இருட்டினாலே வீட்டில் தொலைக்காட்சிப் படம் நின்றுவிடுகிறது என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கடந்த வாரம் எழுதியிருந்தார். முறையிட்டபோது, “மழைக்கு இது வழமைதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாகத் தொலைக்காட்சி பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். குற்றம் முழுவதையும் மழைமேல் போட முடியாது. நம் வீடுகளில் டிஷ் பூட்டுகிறார்கள், ஆனால் பூட்டியதைச் சோதிப்பதில்லை. திரையில் படம் தெரிந்த உடனேயே ஏணியை மடக்கிவிடுகிறார்கள்.

பழைய கம்பி அன்டெனாவில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி விழும், நிழல் தட்டும், இரைச்சல் கேட்கும். வீட்டுக்காரருக்கே விளங்கிவிடும், கூரையில் ஏறித் திருப்பிவிடுவார். டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்த எச்சரிக்கை இல்லை. ரிசீவருக்குத் தேவையான தரத்தில் சிக்னல் கிடைக்கும்வரை படம் துல்லியமாக இருக்கும். அந்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே ஒழுங்காகத் திருப்பிய டிஷ்ஷிலும் அரைகுறையாகத் திருப்பிய டிஷ்ஷிலும் வெயில் நாளில் ஒரே படம்தான் தெரியும். எல்லைக்கு மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் கேயூ பட்டைச் சிக்னலின் மீடிறன் பெரும்பாலும் 11, 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் மெலியச் செய்கின்றன. ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் கொழும்பில் கொட்டும் பேய்மழைக்கு 60 சென்ரிமீற்றர் டிஷ் எதுவும் தாக்குப்பிடிக்காது, அது உண்மை. ஆனால் அந்த மழை கொஞ்சம் தணிந்ததும் படம் திரும்பி வந்துவிட வேண்டும். தூறலுக்கே படம் போகிறது, மழை விட்டு நேரமாகியும் வரவில்லை என்றால் அது வேலையில் உள்ள குறை. அந்த அளவு டிஷ் செய்மதியை விட்டு ஒன்றரைப் பாகை விலகினாலே கிடைக்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். நட்டை இறுக்கும்போது ஏற்படும் அசைவே அதற்குப் போதும்.

இங்கே கொழும்பு இருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில் இருப்பதால் பல செய்மதிகள் ஏறக்குறையத் தலைக்கு மேலேயே நிற்கின்றன. இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் இலவச அலைவரிசைகள் வரும் ஜிசாட் 15 செய்மதி கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து அதற்குத் திசை வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 116 பாகை, உயரக் கோணம் 72 பாகை. டெல்லியிலிருந்து பார்த்தால் அதே செய்மதிக்கு உயரக் கோணம் 52 பாகைதான். டிஷ்ஷின் முன்னால் நீட்டி நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பியைத் தன் பிடியில் சுழற்றி வைக்கும் சாய்வு டெல்லியில் கணக்குப்படி 27 பாகை அளவு, கொழும்பில் 60 பாகையைத் தாண்டும். வட இந்தியாவில் எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே டிஷ் பூட்டுகிற இளைஞர்கள் பாதிநாள் கூரையில் நின்றும் சிக்னல் பிடிபடாமல் இறங்குவதற்கு இதுதான் காரணம். அவர்களிடம் அக்கறை இருக்கிறது, கையில் இருக்கும் எண்தான் வேறு ஊருக்கு உரியது.

மேற்குப் பக்கம், கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் நிற்கும் இன்டெல்சாட் 38 என்ற செய்மதிக்கு, கொழும்பிலிருந்து திசை 260 பாகை, உயரக் கோணம் 49 பாகை. அதாவது கிட்டத்தட்டக் கடல் பக்கம். காலி வீதியின் கடல் பக்கத்துத் தொடர்மாடிகளில் மேற்குப் பல்கனி வைத்திருப்பவர்களுக்கு இது வசதி. ஆனால் மேல் மாடியின் பல்கனித் தட்டு அந்த 49 பாகைக் கோட்டை மறைக்கிறதா என்று பார்த்த பிறகே சுவரில் துளையிட வேண்டும். அதே கட்டடத்தில் கிழக்கு நோக்கிய வீட்டுக்காரர் எவ்வளவு விலை கொடுத்து டிஷ் வாங்கினாலும் பல்கனியில் வைத்து அந்தச் செய்மதியைப் பிடிக்க முடியாது, மொட்டைமாடிக்குத்தான் போக வேண்டும். 72 பாகை உயரக் கோணத்தில் நிற்கும் ஜிசாட் 15க்கு யாருடைய பல்கனியும் சரிவராது. இதை முன்கூட்டியே சொல்லாமல் பணம் வாங்குவது நேர்மையல்ல. இன்னொன்று, எல்.என்.பி கீழே தள்ளி நிற்கும் சிறிய டிஷ்கள் உண்மையில் பார்க்கும் கோணத்தைவிட இருபது பாகைக்கு மேல் தாழ்வாகப் பார்ப்பதுபோலத் தெரியும். கண்மதிப்பில் நிமிர்த்தினால் தப்பாகத்தான் போகும். டிஷ் நிற்கும் குழாயைத் தூக்குக்குண்டு கட்டி நேர்நிறுத்தினால்தான் பின்னால் பொறித்திருக்கும் கோண அளவையும் நம்பலாம்.

இனிச் சோதனை. ரிசீவரின் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். பலர் முதலாவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறார்கள். வெற்று வானத்தை நோக்கினாலும் எல்.என்.பியின் சொந்த இரைச்சலே ஸ்ட்ரெங்த்தைக் காட்டும், வேறு செய்மதியைப் பார்த்தாலும் காட்டும். குவாலிட்டிதான் நாம் தேடுகிற சிக்னல் நாம் தேடுகிற தரத்தில் வருகிறதா என்று சொல்வது. அதை வைத்துத்தான் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஒவ்வொரு சிறு அசைவுக்குப் பிறகும் சில விநாடி பொறுக்க வேண்டும், ரிசீவர் சிக்னலைப் பிடித்து லொக் ஆக நேரம் எடுக்கும்.

நட்டுகளை இறுக்கிய பிறகு குவாலிட்டியை மறுபடி பாருங்கள். பிறகு டிஷ்ஷின் விளிம்பை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும், மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் குவாலிட்டி குறைய வேண்டும். ஒரு பக்கம் அழுத்தும்போது கூடினால் டிஷ் இன்னும் நடுவுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் திருப்பி மறுபடி இறுக்க வேண்டும். நான் சொல்பவற்றில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். அடுத்ததாக, நன்றாக நனைத்த துணி ஒன்றை எல்.என்.பியின் முகத்தில் போர்த்திப் பார்ப்பது அனுபவமுள்ள தொழிலாளர் செய்கிற வேலை. சிக்னல் மெலிந்த நிலையிலும் அதிகமாகக் கிடைக்கும் இடத்தைத் தேடித் திருப்பினால் சரியான நடு அகப்படும், நல்ல வெயிலில் பட்டை உச்சத்திலேயே நிற்பதால் அது தெரியாமல் போகிறது.

ஒரு அலைவரிசை தெரிந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்கக் கூடாது. பொதுவான யுனிவர்சல் எல்.என்.பிக்கு ரிசீவர் 13 வோல்ற் அனுப்பினால் மேலும் கீழுமாக அதிரும் நிலைக்குத்துச் சிக்னலும் 18 வோல்ற் அனுப்பினால் பக்கவாட்டில் அதிரும் கிடைச் சிக்னலும் வரும். 22 கிலோஹேர்ட்ஸ் தொனி சேர்ந்தால் மீடிறன் கூடிய மேல் பட்டைக்கு மாறும். ஆக நான்கு நிலைகள். பார்த்த ஒரு அலைவரிசை இவற்றில் ஒன்றில் மட்டுமே இருக்கும். செய்மதி பயன்படுத்தும் நிலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு அலைவரிசையாவது போட்டுப் பார்த்துவிட வேண்டும். “சில சனல்கள் மட்டும் இல்லை” என்று கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பல நேரம் வயரிலோ அதன் முனையிலோதான் கோளாறு இருக்கும். 18 வோல்ற் முழுதாகப் போய்ச் சேராமல் கிடைச் சிக்னல் மட்டும் விழுந்துவிடும்.

வயரைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். முகத்துவாரம், மட்டக்குளி, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று கடற்காற்று அடிக்கும் பகுதிகளில் வெளியே இருக்கும் இணைப்பு முனை சில மாதங்களிலேயே பச்சை பிடித்துவிடுகிறது. டிஷ்ஷிலிருந்து ரிசீவருக்கு வரும் ஆர்.ஜி 6 வயரின் முனைக்கு இறப்பர் உறை போட்டு, தன்னோடு தானே ஒட்டும் நாடாவைச் சுற்ற வேண்டும். எல்.என்.பிக்குக் கீழே வயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், முனைக்குள் இறங்காது. புறக்கோட்டைக் கடைகளில் மிகச் சிறிய செலவில் கிடைக்கும் இந்தப் பொருள்களை மிச்சம் பிடிப்பதால்தான் மழைவிட்ட பின்பும் படம் வராமல் கிடக்கிறது.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி தொடங்குமுன் மின் செருகியைக் கழற்றுபவர்கள், டிஷ் வயரை விட்டுவிடுகிறார்கள். மின்னலின் பாதிப்பு அந்த வழியாலும் வரும். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, பிறகு வயரைக் கழற்ற வேண்டும். மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், வானம் தெளிவாக இருக்கும்போதே ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதால் ஏற்படுவது அது, பழுதல்ல. 45 பாகைச் செய்மதிக்குக் கொழும்பில் பிற்பகல் மூன்று மணியளவில் இது நடக்கும். அந்நேரம் டிஷ்ஷின்மேல் தென்னோலையின் நிழல் விழுந்தால் செய்மதிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே ஓலை நிற்கிறது என்று அர்த்தம்.

என் கோரிக்கை இதுதான். டிஷ் பூட்டும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு அட்டையில் திகதி, திசை, உயரக் கோணம், ஒவ்வொரு நிலையிலும் கிடைத்த குவாலிட்டி ஆகியவற்றை எழுதி, பூட்டியவர் கையொப்பமிட்டு வீட்டில் கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதைக் கட்டாயமாக்க வேண்டும். அட்டை கையில் இருந்தால் ஆறு மாதம் கழித்து மழைக்குப் படம் போகும்போது வீட்டுக்காரர் அன்றைய குவாலிட்டியைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். குறைந்திருந்தால் “மழைக்கு வழமைதான்” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. தொடர்மாடிகளின் நிர்வாகக் குழுக்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிஷ் தொங்குவதைக் குறை சொல்வதை விட்டு, மொட்டைமாடியில் ஒரு பொது டிஷ் வைத்து மல்ரிசுவிச் மூலம் எல்லா வீடுகளுக்கும் வயர் கொடுக்கலாம். கட்டடத்தைக் கட்டும்போதே அதற்குக் குழாய் விட்டால் செலவும் குறைவு.

அதுவரை, பூட்ட வருகிற தம்பிமாரிடம் வாசகர்கள் தயங்காமல் குவாலிட்டி எண்ணைக் கேட்டு, ரிசீவரின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டி வைக்கட்டும். வெயிலில் கூரையில் நிற்கிற அவர்களுக்குத் தேநீர் கொடுத்து இன்னும் சற்று நேரம் நிற்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள். அவர்களை அவசரப்படுத்துவது அடுத்த வீட்டு வேலைதான்.

உங்கள் பத்திரிகை நாடெங்கும் போவதால் ஒரு வேண்டுகோள். நான் தந்திருப்பவை கொழும்புக்கு உரிய கோணங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜிசாட் 15க்குத் திசை ஏறத்தாழ 125 பாகை, உயரம் 71 பாகைக்குச் சற்றுக் குறைவு. மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா, மலை மறைக்கும் ஹட்டன், நுவரெலியா ஆகிய ஊர்களுக்கும் இந்தக் கோணங்களை ஒரு சிறு அட்டவணையாக வெளியிட்டால் அங்குள்ள வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். கணக்கிட்டுத் தர நான் தயார்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி பழுதுபார்ப்பவர் ஒருவர்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13