எண்ணப்படும் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகளுக்குக் கோடிங் (கணினிக்கான கட்டளைத் தொடர்களை, அதாவது நிரல்களை, எழுதுவது) கற்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்த வயதில் தொடங்கலாம், எந்தக் கணினி மொழி முதலில், பிற்காலத்தில் என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினிப் பாடம் நடத்துகிறவள் நான். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பிள்ளை உட்கார்ந்து நிரல் எழுதுகிற அதே நேரத்தில், அவள் எதைச் சொடுக்குகிறாள், எதைப் பார்க்கிறாள், யாரைப் பின்தொடர்கிறாள் என்று வேறொரு நிரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதை அவளுக்கு யார் சொல்லித்தருவது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கிய, பிள்ளைகளுக்கான நிரல் மொழியான ஸ்கிராட்ச் 2007இல் பொதுமக்களுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒரு கட்டளையான வண்ணக் கட்டைகளைத் திரையில் கோத்து விளையாட்டும் கதையும் செய்வது என்ற அளவில் பலருக்கும் அது தெரியும். அதன் இன்னொரு பாதி, பிள்ளைகள் கூடும் பெரிய இணையச் சமூகம். செய்ததைப் பகிரலாம், அடுத்தவர் செய்ததைப் பிரித்துப் பார்த்து மாற்றி ரீமிக்ஸ் செய்யலாம், விருப்பம் தெரிவிக்கலாம், பின்தொடரலாம். இவை ஒவ்வொன்றும் எண்ணாகப் பதிவாகும்.

அந்த எண்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தால் என்ன என்று கேட்டவர்தான் மனிதர்கள் கணினியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராயும் மனித–கணினி ஊடாட்டத் துறை ஆய்வாளர் சயமிந்து தாஸ்குப்தா. சக ஆய்வாளர் பெஞ்சமின் மாகோ ஹில்லுடன் சேர்ந்து, ஸ்கிராட்ச் கம்யூனிட்டி பிளாக்ஸ் என்ற கட்டைகளைச் சோதனை முயற்சியாக உருவாக்கினார். இவரைப் பின்தொடர்வோர் எத்தனை பேர், இந்தப் படைப்புக்கு எத்தனை விருப்பங்கள் என்று தளத்தில் ஏற்கெனவே பொதுவில் கிடக்கும் விவரங்களைப் பிள்ளை தன் நிரலுக்குள்ளேயே எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. வழக்கமாக ஆய்வாளரின் மேசைக்குப் போகும் தரவு, எண்ணப்பட்டவர்களிடமே திரும்பி வந்தது.

அடுத்து நடந்ததுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இந்தக் கட்டைகளைப் பயன்படுத்திய பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொண்டதை ஆராய்ந்த கட்டுரை ஒன்றும் 2017இல் வந்தது. இப்படி விவரம் எடுப்பது அந்தரங்கத்துக்குக் கேடு இல்லையா, எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடலாமா, கணக்கிட்ட முறைக்குள் யாருடைய அனுமானம் ஒளிந்திருக்கிறது, இதனால் யாராவது ஒதுக்கப்படுவார்களா என்றெல்லாம் பிள்ளைகளே விவாதித்திருந்தார்கள். பின்தொடர்வோர் நூறுக்குக் குறைவென்றால் இந்த விளையாட்டு திறக்காது என்று ஒரு நிரல் எழுதச் சில கட்டைகள் போதும். எழுதிப் பார்த்த பிள்ளைக்கு, பெரியவர்களின் செயலிகளில் அதே கதவு எங்கெங்கே பூட்டப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமே இல்லை.

2013இல் வந்த ஸ்கிராட்ச் 2.0இன் கிளவுட் மாறிகளும் இந்த வகைதான். மாறி என்பது நிரல் ஒரு மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடம். ஒருவர் விளையாடி முடித்துப் போன பிறகும் அந்த மாறியின் மதிப்பு தளத்தின் சேமிப்பில் நிற்கும். அடுத்து வருபவரும் அதையே காண்பார். எண்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் என்றொரு கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, சொற்களையே உள்ளே வைத்துவிட்டார்கள். பார்ப்பவரின் பயனர் பெயரைச் சொல்லும் கட்டையை இதனோடு சேர்த்தால், யார் யார் வந்து போனார்கள் என்ற பட்டியல் தயார். கண்காணிப்பு என்ற சொல்லை நான் வகுப்பில் எத்தனை முறை விளக்கினாலும், தானே ஒரு முறை அதைச் செய்து பார்த்த பிள்ளைக்குப் புரிவதுபோல் புரியாது. ஆபத்தான யோசனைகளையும் காயமில்லாமல் செய்துபார்க்க ஒரு மணல்தொட்டி வேண்டும் என்று இந்த ஆய்வாளர்கள் எழுதியிருப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், இன்னொருவரின் விளையாட்டை எடுத்து மாற்றிக் கொண்டுவந்த மாணவனுக்கு, காப்பி அடித்தாய் என்று சொல்லி மதிப்பெண் தர மறுத்தேன். அதிகம் ரீமிக்ஸ் செய்யும் பிள்ளைகளிடம் அதிக வகைக் கட்டளைகள் புழங்குகின்றன, எத்தனை படைப்புகள் பகிர்ந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் என்று தாஸ்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் காட்டியிருந்ததைப் பின்னால்தான் படித்தேன். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மொழி பற்றியும் ஒரு வரி: கட்டளைச் சொற்களைத் தம் நாட்டு மொழியில் வைத்துப் பழகியவர்கள், அதே நாட்டில் ஆங்கிலத்தில் பழகியவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளைக் கையாண்டார்கள் என்று 2017இல் தாஸ்குப்தாவும் ஹில்லும் எழுதினார்கள். தமிழில் ஏன் கோடிங் என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

தாஸ்குப்தாவும் ஹில்லும் பங்கேற்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு என் வகுப்பையே நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. பிள்ளைகள் மாறிகளை ஸ்கோர் போன்ற விளையாட்டுச் சங்கதிகளை வைத்துத்தான் கற்கிறார்கள். எல்லோரும் அதே உதாரணத்தைப் பகிர, பாதை குறுகிப்போகிறது, விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை. நானும் மாறி என்றால் ஸ்கோர் என்றே நடத்தி வந்தவள்.

அதனால் சென்ற பருவத்தில் ஸ்கோரை விட்டுவிட்டேன். வகுப்பில் யார் எத்தனை முறை பதில் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் பிள்ளைகளையே எண்ணச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாறி. வாரக் கடைசியில் பட்டியலைத் திரையில் போட்டோம். கடைசி வரிசைச் சிறுமி எழுந்து, "டீச்சர், எனக்கு இரண்டுன்னு இருக்கு. எனக்குப் பதில் தெரியலைன்னு இதுக்கு அர்த்தமா, நீங்க என்னைக் கேட்கலைன்னு அர்த்தமா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் அவர்கள் இரண்டு மாறிகள் வைத்தார்கள்: கை தூக்கியது எத்தனை முறை, நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது எத்தனை முறை. அவள் ஒன்பது முறை கை தூக்கியிருந்தாள். நான் கூப்பிட்டது ஒரே ஒரு முறை.

அந்த வகுப்பில் யாருக்கும் வேலை கிடைக்கும் அளவுக்குக் கோடிங் வந்துவிடவில்லை. ஆனால் ஓர் எண்ணைக் கண்டதும், இதை எண்ணியது யார், எதை எண்ணாமல் விட்டார்கள் என்று கேட்கிறார்கள். தங்கள் கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியில் ஒன்றை விசாரித்து எழுதுங்கள்: பிள்ளைகள் பயன்படுத்தும் கற்றல் செயலிகள் அவர்களைப் பற்றி எதையெல்லாம் எண்ணி வைத்துக்கொள்கின்றன, அந்தப் பட்டியலைப் பிள்ளையே திறந்து பார்க்க வழி இருக்கிறதா? எழுதினால், அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கச் செய்வேன்.

அன்புடன்,
ஒரு கணினி ஆசிரியை