பன்னிரண்டு நாள் எனக்காகப் பேசியவர்களுக்கு

குரோம்பேட்டையில் எங்கள் மளிகைக் கடைக்கு வரும் எல்லாருக்கும் வணக்கம். "அண்ணாச்சியை எங்க காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஆளாளுக்கு விசாரித்திருக்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையிலிருந்து பைக்கில் போனால் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும் திருமுடிவாக்கத்தில்தான் இருந்தேன். அங்கே தம்ம சேது என்ற விபாசனா தியான மையத்தில் பத்து நாள் மௌனப் பயிற்சி. வாயை வைத்தே பிழைக்கிற ஆள் நான். எனக்குப் பதில் யாராவது பேசினால்தானே நான் சும்மா இருக்க முடியும்? அப்படிப் பேசியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் தபால் சார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் பால் பாக்கெட் வாங்க வந்து அரைமணி நேரம் நின்று பேசுகிறவர். ராத்திரி தூக்கம் வரவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்று அவரிடம் புலம்பியபோதுதான் இந்தப் பேச்சே வந்தது. "எனக்கு இதெல்லாம் சரிப்படாது, நான் வியாபாரி" என்றேன். "இதைப் பரப்பின கோயங்காவும் வியாபாரிதான்யா" என்றார். பர்மாவில் பெரிய வியாபாரக் குடும்பம். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலி. 1955-இல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போயிருக்கிறார். அந்த ஆசிரியர் பர்மா அரசாங்கத்தில் தலைமைக் கணக்கு அதிகாரி. தலைவலிக்காக மட்டும் என்றால் இங்கே வராதே, இது அதற்கானது இல்லை என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். அப்புறம் சேர்ந்து, பதினான்கு வருஷம் பழகி, 1969-இல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். கணக்குப் பிள்ளை சொல்லிக்கொடுத்து வியாபாரி படித்த பாடம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கட்டணம் கிடையாது என்றதும் சந்தேகமும் வந்தது. இலவசம் என்றால் எங்கோ எடையில் கை வைப்பார்கள் என்பது என் தொழில் அனுபவம். ஆனால் அங்கே பத்து நாளை முழுசாக முடிக்காதவர் நன்கொடை கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். அதாவது நான் சாப்பிட்ட சோறும் படுத்த கட்டிலும் எனக்கு முன்னால் வந்துவிட்டுப் போன யாரோ கொடுத்த பணம். முகம் தெரியாத அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ என் நன்றி.

எங்கள் தெரு டாக்டர் அம்மாவுக்கு நன்றி. எனக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. விண்ணப்பத்திலேயே நோயையும் மாத்திரையையும் கேட்கிறார்கள். மறைக்காமல் எழுதச் சொன்னது அவர்தான். காலை 6.30 மணிக்குச் சிற்றுண்டி, 11 மணிக்குச் சாப்பாடு, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமும் பொரியும், அதோடு சரி. இந்த நேரங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். ராத்திரி மாத்திரையில் மாற்றம் செய்து, சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே கொடுக்க ஒரு சீட்டும் எழுதித் தந்தார். அது என் உடம்புக்குச் சொன்னது. சர்க்கரை உள்ளவர்கள் போவதாக இருந்தால் உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எதிர்ப் பெட்டிக்கடைத் தம்பிக்குத் தனி நன்றி. அங்கே புகையிலைக்கு இடமில்லை என்பதால் ஒரு மாதம் முன்பே வெற்றிலைப் புகையிலையை விடப் பார்த்தேன். "அண்ணாச்சிக்குக் குடுக்கக் கூடாது" என்று தன் கடைப் பையனிடமும் சொல்லிவைத்து, வந்த வியாபாரத்தை விட்டான். நான் இரண்டு தடவை கத்தினேன். மன்னித்துக்கொள் தம்பி.

அம்மாவை மறக்க முடியாது. ருத்திராட்சத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பூஜை புனஸ்காரம் எதுவும் இல்லாமல் பத்து நாள் இருக்க வேண்டும் என்றதும், "மதம் மாறப் போறியாடா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். யாரையும் மாறச் சொல்வதில்லை, அந்தப் பத்து நாள் மட்டும் இந்த ஒரு பயிற்சியோடு வேறு எதையும் கலக்காமல் செய்து பார் என்கிறார்கள், அவ்வளவுதான் என்று தபால் சார்தான் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "சரி, நீ ஏத்துற விளக்கை நான் ஏத்துறேன், போ" என்றாள். முழங்கால் வலியோடு தினமும் சாயங்காலம் கடைக்கு நடந்து வந்து ஏற்றியிருக்கிறாள்.

உள்ளே நடந்ததை எல்லாம் எழுத மாட்டேன். நாலு மணிக்கு மணி அடிக்கிறது. கோயம்பேட்டுக்கு ஓடிப் பழகிய எனக்கு நாலு மணி ஒன்றும் புதிதில்லை. எழுந்து எங்கேயும் ஓடாமல் உட்காருவதுதான் புதிது. முதல் மூன்றரை நாள் மூக்கு வாசலில் மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது மட்டும்தான் வேலை. நான் எங்கே கவனித்தேன்? இரண்டாம் நாள் முழுக்கத் துவரம்பருப்பு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள்தான் விபாசனா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை உடம்பில் வரும் உணர்ச்சியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வலித்தாலும் நமைத்தாலும் அது மாறிப்போகும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன்பிறகு தினமும் மூன்று தடவை ஒரு மணி நேரம் கை, காலை மாற்றாமல், கண்ணைத் திறக்காமல் உட்காரச் சொல்வார்கள். கடையில் முக்காலியிலேயே வாழ்ந்த முட்டி என்ன சொல்லும்? ஆறாம் நாள் விமானம் ஒன்று மீனம்பாக்கத்துக்கு இறங்கும் சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டினால் ஒரு ஆட்டோ, வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

போகாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு தம்ம சேவகர். மற்றவர்களோடுதான் பேசக் கூடாதே தவிர, ஆசிரியரிடமும் சேவகர்களிடமும் தேவைக்குப் பேசலாம். மதியம் ஆசிரியரைப் பார்க்க எனக்கு நேரம் வாங்கித் தந்தார். அன்று சாயங்காலமே என் இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பத்தாம் நாள் மௌனம் கலைந்ததும்தான் அவரோடு பேசினேன். முன்பு ஒரு முறை பயிற்சிக்கு வந்தவராம். இந்த முறை அலுவலக லீவைப் போட்டுவிட்டுச் சம்பளம் இல்லாமல் மணி அடிக்கவும் தட்டு எடுத்து வைக்கவும் வந்திருக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நாளும் இருமிய பெரியவருக்கும் நன்றி. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேச முடிந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என் இருமல் உங்களுக்குத் தொந்தரவா இருந்துச்சா?" இல்லை என்று பொய் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்பது அங்கே சீலங்களில், அதாவது ஒழுக்க விதிகளில், ஒன்று.

கடைசியாக என் வீட்டம்மா. பத்து நாள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். போய்ச் சேருகிற நாளையும் கிளம்புகிற நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு. அதை ஒழுங்காகச் சொல்லாதது என் தப்பு. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் கடை ஃபிரிட்ஜ் நின்று தயிர், வெண்ணெய் எல்லாம் வீணாகியிருக்கிறது. அவசரத்துக்கு மையத்தின் எண்ணைக் கொடுத்திருந்தேன்; அவள் அழைக்கவில்லை. மெக்கானிக்கோடு, மொத்த வியாபாரியோடு, உங்கள் எல்லாரோடும் அவள்தான் பேசியிருக்கிறாள்.

திரும்பி வந்து கடன் நோட்டைப் பார்த்தேன். ஏழு மாதமாக நான் தேனாகப் பேசிப் பேசியும் வராத ஒரு பழைய பாக்கிக்கு எதிரே அடித்துவிட்டு "வரவு" என்று எழுதியிருந்தது. எப்படி வாங்கினாய் என்றேன். "நான் ஒண்ணும் பேசலை. நோட்டைத் திறந்து அவர் முன்னால வச்சுட்டு நின்னேன், அவ்வளவுதான்" என்றாள். அந்த வாடிக்கையாளருக்கும் நன்றி, பெயர் சொல்ல மாட்டேன். இனிமேல் நோட்டு அவளிடம்தான் இருக்கும். கணக்கு கேட்பவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணாச்சி