வேகவைத்த பிறகு காயவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், நாய்க்குக் கொடுக்கும் காய்ந்த கறித் துண்டுகளை வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. எலும்பில்லாத கோழிக்கறியை மெல்லிசாக அரிந்து, உப்பு, மஞ்சள், பூண்டு விழுது தடவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அதில் முக்கியமான ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. நாய்க்கு ஆகாத இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. போன ஆடி மாதம் ஏறக்குறைய இதே முறையில் செய்து கொடுத்து, எங்கள் நாய் செவலையைச் சாகக் கிடத்தியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கூடலூர்க்காரன். லோயர் கேம்ப்பிலிருந்து ஜீப்பில் குமுளி மலை ஏறி, வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய் ஸ்டோரில் 31 வருடம் காய் உலர்த்தும் வேலை பார்த்தேன். பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, அடுப்பு மூட்டி, 45 முதல் 55 டிகிரிக்குள் சூட்டை நிறுத்தி, ராத்திரி முழுக்க வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூடு ஏறினால் காயின் பச்சை நிறம் போய்விடும். குறைந்தால் ஈரம் நிற்கும். 5 கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஏறக்குறைய 1 கிலோ ஆகும். உலர்த்துவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

செவலை கோம்பை இன நாய். கடையில் விற்கும் பாக்கெட் தீனி வேண்டாம் என்று மகன்தான் சொன்னான். அமெரிக்காவில் 2007-லிருந்தே, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த காய்ந்த கறித் துண்டுகளைத் தின்ற நாய்கள் நோயில் விழுவதாகப் புகார்கள் வந்திருக்கின்றன. 2015 முடிவதற்குள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த புகார்களில் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் இருந்தன. 1,140-க்கு மேல் இறந்துபோயின. இத்தனை வருடம் ஆராய்ந்தும் காரணம் இதுதான் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்டதும் நம் வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன்.

ஆடிக் காற்றும் குமுளிப் பக்கத்துச் சாரலும் சேர்ந்தால் கூடலூரில் வெயிலை நம்ப முடியாது. ஒரு தகரப் பெட்டி செய்து, உள்ளே இரண்டு குண்டு பல்பும் ஒரு சின்ன விசிறியும் வைத்தேன். ஏலக்காய்க்கு வைக்கும் அதே 50 டிகிரி. பச்சைக் கறியை அப்படியே அடுக்கினேன். மறுநாள் காலையில் பார்க்க அருமையாக இருந்தது. ஈ இல்லை, வாடை இல்லை. செவலை ஆசையாகத் தின்றான். நாலு வயதுப் பேத்திதான் தன் கையால் ஊட்டினாள். மூன்றாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தம் கலந்த பேதி. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். அவன் தலையைத் தூக்கவே இல்லை. பேத்தி அவன் பக்கத்திலிருந்து நகர மாட்டேன் என்று அழுதாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை என்பதை இன்றைக்கும் பெரிய அதிர்ஷ்டமாக நினைக்கிறேன்.

கால்நடை மருத்துவர் என் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "பெட்டிக்குள் காற்று 50 டிகிரி இருக்கலாம். ஈரம் இருக்கும்வரை கறி அந்தச் சூட்டுக்கு வராது." மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதே காரணம்தான். நீர் ஆவியாகும்போது கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அந்த வெதுவெதுப்பில் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் சாவதில்லை. கறி காய்ந்த பிறகு சூடு உள்ளே ஏறினாலும் பிரயோஜனம் இல்லை. ஈரமில்லாத இடத்தில் அந்தக் கிருமிகள் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கிக்கொள்ளும். வெயிலில் காயவைத்தாலும் கதை இதேதான். ஆகவே முதலில் வேகவைக்க வேண்டும். கோழியென்றால் துண்டின் நடுவில் 74 டிகிரி, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி என்றால் 71 டிகிரி வந்த பிறகுதான் காயவைக்க வேண்டும். உங்கள் குறிப்பில் விட்டுப்போன வேலை இதுதான்.

நாம் காலங்காலமாக உப்புக்கண்டம் போடவில்லையா என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள். வண்டன்மேட்டில் என்னோடு வேலை பார்த்த மலையாளிகள் வீட்டில் அடுப்புக்கு மேலே மாட்டிறைச்சியைத் தொங்கவிட்டுப் புகையில் உணக்கி வைப்பார்கள்; நானும் தின்றிருக்கிறேன். ஆனால் அதில் உப்பு அள்ளிப் போட்டிருக்கும். கிருமி பெருகாமல் நிறுத்துவது அந்த உப்பு. தின்னும் முன்னால் நாம் அதை மறுபடியும் வறுக்கிறோம், அல்லது இடித்து எண்ணெயில் போடுகிறோம். நாய்க்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது. அத்தனை உப்பை அதற்குக் கொடுக்கக் கூடாது. துண்டையும் காய்ந்தபடியே கொடுக்கிறோம். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மஞ்சளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உப்பையும் பூண்டையும் மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். கொழுப்பு நீக்கிய நெஞ்சுக்கறி 1 கிலோ. கொழுப்பு இருந்தால் சிக்குவாடை அடித்துக் கெட்டுவிடும், நாயின் வயிற்றுக்கும் நல்லதில்லை. ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கறி கொஞ்சம் இறுகி, கால் அங்குலக் கனத்தில் சீராக அரிய வரும். இட்லிக் கொப்பரையில் 15 நிமிடம் ஆவி கட்டுவேன். வெப்பமானி இல்லாதவர்கள் கொதிக்கிற தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுக்கலாம். நடுவில் பிய்த்தால் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. அப்புறம் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அதே தகரப் பெட்டியில் அடுக்கி, 60 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம். பல்பை மாற்றி அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் ஓவன் இருந்தால் இன்னும் சுலபம், கதவை ஒரு கரண்டிக் காம்பு அளவுக்குத் திறந்து வைத்தால் ஈரம் வெளியே போகும். துண்டை வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஆனால் ஒடியக் கூடாது. 1 கிலோவில் எனக்கு 300 கிராம் தேறுகிறது. நன்றாக ஆறிய பிறகுதான் பாட்டிலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஏலக்காய் மூட்டைக்கும் நாங்கள் இதே கவனம்தான் எடுப்போம். உப்பில்லாத பண்டம் என்பதால் வெளியில் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன்.

நாயின் ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரிப் பண்டம் போகக் கூடாது. செவலை 20 கிலோ. அவனுக்கு 25 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன். பக்கத்தில் தண்ணீர் கட்டாயம்.

இன்னொரு விஷயம். கறிக்கடையில் மிஞ்சுகிற ஈரலையும் நுரையீரலையும் சும்மா கொடுக்கிறார்கள் என்று வாங்கிவந்து பச்சையாகப் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் இருந்தால், அதைத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தோடும் ரோமத்தோடும் வந்து, தடவிக் கொஞ்சுகிற பிள்ளைகளின் வயிற்றுக்குப் போய், ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டியை உண்டாக்கும். ஈரலையும் நுரையீரலையும் வேகவைத்துப் போட்டால் கட்டியிலுள்ள புழு செத்துவிடும். திராட்சைத் தோட்டத்தில் நாய் கட்டுகிற கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை: கீழே உதிர்ந்த பழத்தை நாய் தின்ன விடாதீர்கள், சிறுநீரகம் கெட்டுப்போகும்.

உங்கள் இதழை எங்கள் தெருவில் எல்லோரும் வாங்குகிறார்கள். இந்தக் கடிதம் எழுதும் இன்று காலை, இரண்டு மொட்டைமாடிகளில் கொடி கட்டிக் கோழிக்கறி தொங்குவதைப் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பேப்பரிலேயே போட்டிருக்கிறதே அண்ணே" என்றார்கள். எனவே வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கறியை வேகவைத்த பிறகே காயவைக்க வேண்டும், உப்பும் பூண்டும் சேர்க்கக் கூடாது என்று திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்.