பாதி மனசோடு வருகிறவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கஞ்சாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிடிபட்டவர்களைப் பற்றியும், மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் சேராத ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான்.

என் தம்பிக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. சனிக்கிழமை சம்பளத்தோடு தொடங்கிய பழக்கம், வாரத்தில் நாலைந்து நாள் என்றானது. ஒருநாள் “குறைக்கணும்க்கா” என்பான், மறுநாள் “இதுல என்ன கெட்டுப்போச்சு” என்பான். போன வருடம் ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனேன். “விடறதுன்னு முடிவு பண்ணிட்டு வா” என்று ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். முடிவெடுக்க முடியாமல்தானே அங்கே போனோம்! அதன்பிறகு பல மாதம் அந்தப் பேச்சையே அவன் எடுக்கவிடவில்லை.

பிறகு வேறோர் ஆலோசகரிடம் போனோம். தம்பி சம்மதித்ததால் நானும் கூட உட்கார்ந்தேன். “அதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?” என்றுதான் அவர் ஆரம்பித்தார். தூக்கம் வரும், நாளெல்லாம் நின்ற கால்வலி தெரியாது என்றான். குறைப்பது எவ்வளவு முக்கியம், 0-லிருந்து 10-க்குள் ஒரு எண் சொல்லச் சொன்னார். “நாலு” என்றான். எனக்கு மனசு விட்டுப்போனது. அவரோ, “ஏன் ஒண்ணுன்னு சொல்லல?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “பாப்பா முத்தம் குடுக்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறனுங்க சார்” என்றான். மூன்று வருடம் திட்டியும் அழுதும் அவன் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை அது. “ஏன் பத்து சொல்லல?” என்று கேட்டிருந்தால், விடாததற்கான காரணங்களைத்தான் அடுக்கியிருப்பான்.

குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பேசிப்பேசி அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-லேயே எழுதி வைத்த முறை இது. போதைப் பழக்கம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அஸிஸ்ட் வினாத்தாளில் கஞ்சாவுக்கு 4 முதல் 26 வரை மதிப்பெண் வருகிறவர்களுக்கு, அதாவது நடுத்தர ஆபத்தில் இருக்கிறவர்களுக்கு, இப்படிப்பட்ட சுருக்கமான ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள். அதைச் சோதித்துப் பார்த்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வுப்படி, கஞ்சாப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் படுக்கை போட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும், கல்லூரி, ஐடிஐ ஆலோசகருக்கும் இந்தப் பேச்சைப் பழக்கிவிட முடியும். அரசு அதைச் செய்யவேண்டும்.

போலீஸ் பயத்தால் வாய் திறக்காத குடும்பங்கள் எத்தனையோ. தானாகச் சிகிச்சைக்கு வருகிற அடிமைப்பட்டவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது என்பது எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

தம்பி இன்னும் முழுதாக விடவில்லை. குறைத்த முதல் வாரம் தூக்கமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். இப்போது வாரத்தில் ஒருநாள். அந்த எண்ணை மறுபடி கேட்டபோது “ஏழு” என்றானாம்.

போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446. அடுத்த இதழில் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பூர்